போதும் என்ற பிறகும் நகர்ந்த வண்டி

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட, எங்கள் மோட்டார் பழுதுபார்ப்போர் சங்கத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பட்டறை முதலாளிகளே! கிரீஸ் ஏறிய விரல்களால் குடும்பங்களைக் கரையேற்றிய மூத்தவர்களே! டிங்கர் தோழர்களே, பெயிண்டர் நண்பர்களே, வயரிங் வல்லவர்களே! கதவோரமாகப் பார்த்து இடம்பிடித்து, பாதியில் நழுவலாம் என்று கணக்குப் போட்டிருக்கும் கடைசி வரிசைக் கண்மணிகளே! எங்கள் சட்டைகளைத் துவைத்துத் துவைத்துக் கைரேகை தேய்ந்துபோன தாய்மார்களே! முதல் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் அமர்ந்திருக்கும் என் அண்ணி அவர்களே! அண்ணிக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மகளே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். அண்ணியை மட்டும் இரண்டு முறை வணங்குகிறேன். ஏன் இரண்டு முறை என்பதைப் பேச்சு முடிவதற்குள் சொல்லிவிடுவேன்.

இந்த ஆண்டுக் கூட்டத்தில் எனக்கு ஒரு தலைப்புக் கொடுத்தார்கள். "ஹைபிரிட் வண்டி என்றால் என்ன? அது முக்கியமா?" இதுதான் தலைப்பு. எனக்குப் பட்டறை வட்டாரத்தில் 'மைக்கு' என்று பெயர் இருப்பது உங்களுக்குத் தெரியும். எதைக் கொடுத்தாலும் பேசுவான், எதுவும் கொடுக்காவிட்டாலும் பேசுவான் என்று வைத்த பெயர். ஆனால் இந்தத் தலைப்பு கைக்கு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அலங்காரமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே இறங்கவில்லை.

ஹைபிரிட் என்றால் என்ன? என்னிடம் ஒருவர் வந்து கேட்டார், "ஏம்ப்பா, ஹைபிரிட்டுனா ராத்திரியில செல்போன் மாதிரி சார்ஜ் போடணுமா?" இன்னொருவர் கேட்டார், "பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டா ஹைபிரிட் ஆயிடுமா?" சிரிக்கிறீர்கள். அந்த இரண்டாவது ஆள் இதே மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள்!

சகோதரர்களே, ஒரே வண்டியில் இரண்டு உழைப்பாளிகள் இருந்தால் அது ஹைபிரிட். ஒருவர் பெட்ரோல் இன்ஜின். மற்றவர் மின்சார மோட்டார். மோட்டாருக்குத் துணையாகப் பெரிய பேட்டரி ஒன்று. வண்டி மெல்ல ஊர்ந்தால் மோட்டார் மட்டும் இழுக்கும், இன்ஜின் உறங்கும். வேகம் கூடினால் இன்ஜின் எழுந்துகொள்ளும். மேடு வந்தால் இருவரும் தோள்கொடுப்பார்கள். சாதாரண வண்டியில் பிரேக்கை மிதித்தால் ஓடிய ஓட்டமெல்லாம் சூடாகிக் காற்றில் போய்விடும். இதிலோ அந்த மோட்டாரே டைனமோவாக மாறி, வீணாகும் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குள் போட்டுவிடும். சுவரில் ஒயரைச் செருகிச் சார்ஜ் ஏற்றும் வகையும் உண்டு. மோட்டார் தனியாக இழுக்காமல் இன்ஜினுக்குக் கைமட்டும் கொடுக்கும் சின்ன வகையும் உண்டு. எந்த வகையானாலும் சாரம் ஒன்றுதான். ஒருவர் உறங்கினாலும் மற்றவர் விழித்திருப்பார். இந்த வரியை மட்டும் மனதில் வையுங்கள், பின்னால் நான் இதற்குத் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

சரி, இது முக்கியமா? நின்று நின்று நகரும் நெரிசலில் ஓட்டுபவருக்குப் பெட்ரோல் நன்றாகவே மிச்சமாகும். நீண்ட நெடுஞ்சாலையில் நிற்காமல் பறப்பவருக்கு அவ்வளவு மிச்சம் இல்லை. புகை குறையும். பிரேக் கட்டை சீக்கிரம் தேயாது. வாங்குகிறவருக்கு முக்கியம் என்றால் முக்கியம், இல்லையென்றால் இல்லை. இப்படித்தான் நானும் பத்து வருடமாகச் சொல்லிவந்தேன். "ரெண்டு இன்ஜின் மாதிரி சார், பெட்ரோல் கம்மியா குடிக்கும், அதுக்கு மேல தெரிஞ்சு என்ன ஆகப்போவுது?" என்பேன். கேட்டவர்கள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு அதற்கு மேல் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் பட்டறையில் அதெல்லாம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அதோ, மேசையின் ஓரத்தில் சட்டமிட்ட படத்துக்குள் சிரிக்கிறாரே, அவர்தான். 'பொறுமை' என்றால் உங்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு நட்டைக் கழற்ற அடுத்தவன் அரை நிமிடம் எடுத்தால் அவர் இரண்டு நிமிடம் எடுப்பார். "என்னண்ணே இவ்ளோ நேரம்?" என்று கேட்டால், "பொறும, பொறும, நட்டு எங்கயும் ஓடிடாது" என்பார். அதனால் வந்த பெயர். பதினெட்டு வருடம் அவரும் நானும் வண்டி தூக்கும் ஒரே லிஃப்டுக்குக் கீழே நின்று வேலை பார்த்தோம். நான் பேசுவேன், அவர் வேலை செய்வார். இப்படித்தான் எங்கள் பதினெட்டு வருடமும் போனது.

போன வருடம் உதிரிபாகக் கம்பெனி ஒன்று ஹைபிரிட் வண்டிகளைப் பற்றி ஒருநாள் வகுப்பு நடத்தியது. பட்டறைக்கு ஒருவர் வரலாம் என்றார்கள். நான் போகவில்லை. எனக்கா வகுப்பு, நானே வகுப்பெடுப்பவன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அண்ணன் போனார். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போய், நாற்பது பக்கமும் எழுதிக்கொண்டு வந்தார். மறுநாள் டீ குடிக்கும் நேரத்தில், எதிரில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார்.

"டேய் மைக்கு, கேளு. இது நம்ம வீடு மாதிரிடா. உங்க அண்ணி ராத்திரி ஷிப்டு, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல. நான் பகல்ல இங்க. பகல்ல எங்க வீட்டுக் கதவு முன்னாடி நின்னு பாரு, ஒரு சத்தம் இருக்காது. காலி வீடுன்னு நெனச்சு எவனாவது உள்ள நொழஞ்சான்னா, உங்க அண்ணி எழுந்து வந்து அவனை உண்டு இல்லன்னு ஆக்கிடுவா. இந்த வண்டியும் அப்படித்தான். சத்தம் இல்லன்னா ஆளு இல்லன்னு அர்த்தம் இல்ல. முன்னாடி ஸ்க்ரீன்ல பச்சையா 'ரெடி'ன்னு ஒரு எழுத்து எரியும். அத மொதல்ல..."

நான் என்ன செய்தேன் தெரியுமா? டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, எல்லோரும் சிரிக்கும்படி கையெடுத்துக் கும்பிட்டு, "போதும்ணே! போதும்! வகுப்புக்குப் போனது நீங்க, தண்டனை எனக்கா?" என்றேன். பட்டறையே சிரித்தது. அவரும் சிரித்தார். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். அந்தப் பச்சை எழுத்தை முதலில் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்ல வந்தாரோ, அந்த வாக்கியம் இன்றுவரை முடியவில்லை.

அண்ணி, நீங்கள் தண்ணீர் குடியுங்கள். இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஷெட்டுக்குள் எந்த வண்டியையும் இன்ஜினில் ஓட்டிக்கொண்டு வரக்கூடாது. புகை உள்ளேயே தங்கிவிடும், நெருக்கமான இடம், ஆபத்து. வாசலில் நிறுத்தி அணைத்துவிட்டு, தள்ளித்தான் லிஃப்டுக்கு ஏற்றவேண்டும். பாதுகாப்புக்காக நாங்களே வைத்த வழக்கம். பெயிண்டரும் டிங்கரும் பின்னால் தள்ளுவார்கள். நான் ஓட்டுநர் கதவைத் திறந்துவைத்து, நடந்துகொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வேன். அண்ணன் முன்னால் குந்தி உட்கார்ந்து, சக்கரம் லிஃப்டின் கோட்டில் ஏறுகிறதா என்று பார்ப்பார். "வரட்டும்... வரட்டும்... போதும்!" போதும் என்றதும் நாங்கள் விட்டுவிடுவோம். மிச்சம் உருளும் வண்டியை அவர் உள்ளங்கையைப் பம்பரில் வைத்து நிறுத்துவார். எத்தனை ஆயிரம் வண்டிகளை அந்த ஒற்றை உள்ளங்கை நிறுத்தியிருக்கும்! ஒன்றுகூட அவர்மேல் ஏறியதில்லை.

அன்று மதியம் மூன்று மணி. டியூஷன் டீச்சர் ஒருவரின் வண்டி, முன் பிரேக்கில் கீச்சுச் சத்தம் என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஹைபிரிட். தெருவிலிருந்து வாசலுக்கு நான்தான் கொண்டுவந்தேன். நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். சத்தம் இல்லை. முப்பது வருடமாகச் சாவியைத் திருகி வண்டியை அணைத்த கை இது. அந்த வண்டியில் திருகச் சாவி இல்லை, பொத்தான்தான். சாவி என் சட்டைப்பையிலேயே இருந்தது. சத்தமும் இல்லை, திருகுவதற்கும் ஒன்றும் இல்லை, வேலை முடிந்தது என்று என் கை நினைத்துக்கொண்டது. கியர் லீவரைப் பார்த்தேன். நடுவில் நின்றது. நடுவில் நின்றால் நியூட்ரல், இது நமக்கெல்லாம் ரத்தத்தில் ஊறிய பாடம் இல்லையா? அந்த வண்டியில் லீவரை எங்கே தள்ளினாலும், கையை எடுத்ததும் அது நடுவுக்கே திரும்பிவிடும் தோழர்களே. பார்ப்பதற்கு நியூட்ரல். உள்ளே முன்கியர், பிரேக்கை விட்டதும் தானாகவே ஊரும்.

கதவைத் திறந்தேன். கீ கீ என்று ஏதோ கத்தியது. இந்தக் காலத்து வண்டிகள் எதற்குத்தான் கத்தவில்லை? பெல்ட் போடாவிட்டால் கத்தும், பை ஒன்றை சீட்டில் வைத்தால் கத்தும். நான் சட்டை செய்யவில்லை. வெயில் முன்கண்ணாடியில் நேராக அடித்தது. திரையில் எரிந்த எழுத்து எதுவும் என் கண்ணில் படவில்லை. படவில்லை என்று சொல்வதைவிட, நான் பார்க்கவில்லை என்று சொல்வதுதான் நேர்மை.

முன்னால் குந்தி உட்கார்ந்த அண்ணன், என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"டேய், ஆஃப் பண்ணிட்டியா?"

நான் சொன்னேன், "ஆஃப்தாண்ணே. சத்தமே இல்லையே!"

என் வாயை அவர் நம்பினார். ஊரெல்லாம் கைதட்டிய வாய் அல்லவா இது!

ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். பின்னால் இரண்டு பேரும் கைவைத்ததுதான் தாமதம், வண்டி பூப்போல நகர்ந்தது. "டீச்சர் டயர்ல காத்து கரெக்டா வச்சிருக்காங்கடா" என்றார் பெயிண்டர். "நேத்து சாப்பிட்ட சாப்பாடு அப்படி" என்றார் டிங்கர். சிரித்தோம். வரட்டும் என்றார் அண்ணன். வரட்டும், வரட்டும் என்றார். போதும் என்றார்.

விட்டுவிட்டோம். நான் ஸ்டியரிங்கை விட்டு விலகி, கைதுடைக்கும் துணியை எடுக்கத் திரும்பினேன்.

"போதும்டா!" என்றார் மறுபடி. "விட்டுட்டோம்ணே!" என்றோம். எப்போதாவது அரை அடி கூடுதலாகத் தள்ளி அவரைச் சீண்டுவது எங்களுக்கு வழக்கம். "வெளையாடாதீங்கடா" என்று அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. சிரித்துக்கொண்டே உள்ளங்கையைப் பம்பரில் வைத்திருக்கிறார். உருளும் வண்டியாக இருந்தால் அந்தக் கைக்கு நின்றிருக்கும். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது ஸ்பானர் வைக்கும் இரும்பு அலமாரி. மூன்றாவது முறை அவர் சொன்ன 'போதும்' எங்களுக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்ததாகப் பெயிண்டர் பிறகு சொன்னார்.

பாய்ந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். குனிந்த நேரத்தில்தான் பார்த்தேன். திரையில், பச்சையில், சின்னதாக, 'ரெடி'. அவர் நோட்டில் எழுதிவைத்திருந்த அதே எழுத்து. இன்ஜின் உறங்கியது, மோட்டார் விழித்திருந்தது. லீவரைப் பின்கியரில் போட்டு ஹேண்ட்பிரேக்கை விட்டேன். முன்னால் ஓடிவந்து தள்ளிய இருவரும் தாங்கள் தள்ளித்தான் வண்டி நகர்ந்தது என்று நினைத்தார்கள். பிரேக்கைப் பிடித்து நிறுத்தினேன். அண்ணனை அவர்கள் வேனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நான் ஓடவில்லை. கேளுங்கள் சபையோரே, நான் ஓடவில்லை! அண்ணனின் காலைப் பிடித்துத் தூக்க ஓர் ஆள் குறைவாக இருந்த அந்த நேரத்தில், நான் திரும்பி அந்தக் காருக்குள் குனிந்து, பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு, அதன் பிறகுதான் வேனுக்குப் போனேன்.

...தலைவர் அவர்கள் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். சபைக்குப் படித்துக்காட்டிவிடுகிறேன். "போதும், முடித்துக்கொள்ளவும்" என்று எழுதியிருக்கிறார்.

தலைவர் அவர்களே! உங்கள்மேல் எனக்கு மாறாத மரியாதை உண்டு. சங்கத்தின் பெயர் கெட்டுவிடுமே என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு மனிதர் மூன்று முறை போதும் என்று சொல்லியும் அந்த வண்டி நிற்கவில்லை. இந்த ஒரு நாள், இந்த ஒரு பேச்சு, போதும் என்ற பிறகும் கொஞ்சம் நகரட்டும். அனுமதியுங்கள்.

விசாரிக்க வந்தவர்கள் வண்டியைப் பார்த்தார்கள். அணைந்திருந்தது. ஷெட்டின் தரை லேசான சரிவு. சரிவில் உருண்டது என்றார்கள். இவ்வளவு அருகில் ஏன் உட்கார்ந்தார் என்றார்கள். சங்கத்தின் அறிக்கையில் என்ன எழுதினோம்? "முன்னால் இருந்த பணியாளரின் கவனக்குறைவு." நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பொறுமை அண்ணனின் கவனக்குறைவு! நட்டு எங்கும் ஓடிவிடாது என்று இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டவரின் கவனக்குறைவு! அதன் அடியில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவன் யார்? மேடையில் நிற்கிறேனே, நான்தான்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். முதல் நாள் மாலை நினைவு இருந்தது. என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும். வகுப்புக்குப் போனவர், உள்ளங்கையில் அந்தத் தள்ளலை வாங்கியவர், அது உருளும் வண்டியா இழுக்கும் வண்டியா என்று அந்தக் கைக்குத் தெரியாமலா போகும்? ஆனாலும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார்.

ஐந்து மாதம் ஓடிவிட்டது. போன வாரம், இதோ இந்த மகள், அப்பாவின் சாப்பாட்டு டப்பாவை எடுத்துப்போகப் பட்டறைக்கு வந்தாள். டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். "சித்தப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? எங்கப்பா அன்னைக்குக் குடிச்சிருந்தாரா? காலேஜ் பஸ்ல ஒரு பொண்ணு சொல்றா. இல்லன்னா அவ்ளோ கிட்ட ஏன் உக்காந்தாரு?" என்றாள்.

சொட்டுச் சாராயம் தொடாத மனிதர். டீக்குக்கூடச் சர்க்கரை வேண்டாம் என்பவர். அவருடைய மகள் என்னிடம் அப்படிக் கேட்கிறாள். மூன்று மணிநேரம் மூச்சுவிடாமல் பேசுகிறவன் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் இல்லம்மா, விதிம்மா" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். விதி பொத்தானை அழுத்துமா சபையோரே? விதிக்குச் சட்டைப்பை உண்டா? நான் செய்ததற்கு விதியின் பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து என்னை நானே பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆகவே, தலைப்புக்குத் திரும்புகிறேன். ஹைபிரிட் வண்டி முக்கியமா? முக்கியம்! பெட்ரோலுக்காகச் சொல்லவில்லை. புகைக்காகச் சொல்லவில்லை. காதால் கேட்டே வண்டியின் நாடி பார்த்த கூட்டம் நாம். சத்தம் இருந்தால் உயிர், சத்தம் இல்லாவிட்டால் உயிரில்லை என்று பழகிய கூட்டம். நம் காது பொய் சொல்லும் காலம் வந்துவிட்டது. அதனால் முக்கியம். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, தெரிந்தவரின் வாயை ஒரு சிரிப்பால் அடைத்தேனே, அதனால் முக்கியம்.

நாளைக் காலையிலிருந்து ஒரே ஒரு வழக்கத்தைத் தொடங்குங்கள். எந்தப் பட்டறையிலும், எந்த வண்டியானாலும், பொத்தானை அழுத்தி அணைத்து, திரை இருட்டாகிவிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டிக்கு முன்னால் நிற்பவரின் கையில் கொடுங்கள். சாவி அவர் பைக்குள் போன பிறகுதான் வண்டியில் கைவைக்கவேண்டும். ஓட்டியவன் வாயை யாரும் நம்பாதீர்கள். அவன் எவ்வளவு அழகாகப் பேசினாலும் நம்பாதீர்கள்.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள். கீழே வையுங்கள் கைகளை.

தலைவர் அவர்களே, அறிக்கையைத் திருத்துங்கள். கவனக்குறைவு என்ற இடத்தில் என் பெயரை எழுதுங்கள். நான் நேற்று இரவே நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன், இதோ உங்கள் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். விசாரித்தவர்களிடமும் நாளை நானே போகிறேன். அதற்குப் பிறகு வருவது எதுவானாலும் எனக்கு வரட்டும்.

அண்ணி, மரியாதைக்காக உங்களை ஒரு முறை வணங்கினேன். இரண்டாவது வணக்கம் மன்னிப்புக்காக. மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. மகளே, உன் அப்பா அருகில் உட்கார்ந்தது நிதானம் தவறியதால் அல்ல. உட்கார்ந்த பிறகும், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் வரட்டும் என்று சொன்னார். அந்த ஷெட்டில் அன்று கவனமாக இருந்தவர் அவர் ஒருவர்தான். காலேஜ் பஸ்ஸில் இனி யாராவது கேட்டால் தலையை நிமிர்த்திச் சொல்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், அழுதுகொண்டே கேட்ட தாய்மார்களுக்கும், நழுவாமல் இருந்த கடைசி வரிசைக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம். மைக்கை அணைப்பதற்கு முன்னால், அந்தப் படத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன்னால் அவர் கேட்ட கேள்விக்கு நான் தப்பான பதில் சொல்லிவிட்டேன்.

இல்லண்ணே. நான் ஆஃப் பண்ணல.